பிரெபிஷின் வாணிபக் கொள்கை: ஒரு மதிப்பீடு

ஒப்பளவிற் குறைந்த செலவில் ஆக்கத்தக்க பண்டத்தை ஆக்கி, ஏனையவற்றைப் பிற நாடுகளிடம் கொள்வதே எந்நாட்டிற்கும் நலம் என்பது டேவிட் றிக்காடோ 1817இல் நிறுவிய கொள்கையின் சாரம். போர்த்துக்கல் மதுவையும் இங்கிலாந்து துணியையும் விற்பது அவர் காட்டிய உதாரணம். ஆயின் அந்நூற்றாண்டின் இறுதியில் மது விற்ற நாடும் துணி நெய்த நாடும் ஒத்த நிலையில் நிற்கவில்லை.

இத்தகைய வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தோருள் ஆர்ஜென்டீனப் பொருளியலறிஞர் ராவுல் பிரெபிஷ் தலையாயவர். மூலப்பொருள் விற்கும் நாடு, காலஞ் செல்லச் செல்ல, ஓர் இயந்திரத்தைப் பெறுவதற்கு முன்னையினும் மிகுதியான மூலப்பொருளைக் கொடுக்க நேரும் என்று 1950ஆம் ஆண்டளவில் அவரும் ஹான்ஸ் சிங்கரும் தனித்தனியே எடுத்துரைத்தனர். மக்களின் வருமானம் இரு மடங்காயினும் அவர்கள் பருகும் தேநீர் இரு மடங்காவதில்லை; கைத்தொழிற் பண்டங்களின் தேவையோ பெருகிச் செல்லும்.

மூலப்பொருள் விலையின் நிலையாமையை இலங்கையும் நன்கறியும். கொரியப் போரினால் உயர்ந்த இறப்பர் விலை விரைவில் வீழ்ந்தது. அரிசித் தட்டுப்பாடும் உடன் வந்தது. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம் அந்நெருக்கடியின் விளைவேயாம்.

நோயை நன்கு கண்ட பிரெபிஷ் கூறிய மருந்து போதியதன்று. உள்நாட்டுக் கைத்தொழிலை இறக்குமதித் தீர்வையாற் காக்க வேண்டும் என்றார். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பல அவ்வாறே செய்தன. தொழிற்சாலைகள் எழுந்தன; ஆனால் அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் வெளியிலிருந்தே வந்தமையால் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை தீரவில்லை. போட்டியறியாத தொழில்கள் திறன் பெறவுமில்லை. தென் கொரியாவோ 1960களில், பாதுகாப்பையும் கடனுதவியையும் ஏற்றுமதியிற் காட்டும் திறனோடு பிணைத்து முன்னேறியது. காவல் தேவையன்று என்பதல்ல, காவலுக்கு நிபந்தனை வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

எனினும் சந்தையைத் திறந்துவிட்டால் யாவும் கைகூடும் என்பாரும் பிழைபடுவர். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்த இலங்கையில், அடுத்த பத்தாண்டினுள் தைத்த ஆடை தேயிலையை விஞ்சி முதன்மை ஏற்றுமதியாயிற்று. ஆயின் துணியிற் பெரும்பகுதி இறக்குமதியாகவே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைச் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு, 2017இல் மீண்டும் வழங்கப்பட்டது. பண்டம் மாறியும் பிறர் தயவை நோக்கும் நிலை மாறவில்லை.

வாணிபத்தின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்று பிரெபிஷ் எழுப்பிய வினா இன்றும் வலியுடையது. அதற்குரிய விடை தீர்வையில் மட்டுமன்றி, வாணிபத்தின் வழியே நாட்டு மக்கள் பெறும் தொழிலறிவிலும் தங்கியுள்ளது.