மஅபரும் கீஷும்: மூன்று சாட்சிகள்

ஹதீதுக் கலையில் தேர்ந்த நம் முன்னோர் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் இரண்டு வினாக்களை எழுப்பினர். அறிவிப்பவர் கண்டு சொல்கிறாரா, கேட்டுச் சொல்கிறாரா என்பது ஒன்று. அச்செய்தியால் அவருக்கோ அவரைச் சார்ந்தோருக்கோ ஆகும் பயன் யாது என்பது மற்றொன்று. சமயச் செய்திகளில் இத்துணை எச்சரிக்கை காட்டிய சமுதாயம், சரித்திர நூலைக் கையில் எடுக்கும்போது மட்டும் அந்த உரைகல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறது. தமிழகத்துக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இருந்த அரசியல், வணிக உறவைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் இக்குறை நம்மை உறுத்துகிறது.

தமிழகத்தின் கிழக்குக் கரையை அரபியர் மஅபர் என்றழைத்தனர். கடக்கும் துறை என்பது அதன் பொருள். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பாண்டியர் ஆண்டனர். வளைகுடாவின் கீஷ் தீவில் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ என்னும் பெருவணிகர் அதிகாரம் செலுத்தினார். அவருடைய உடன்பிறந்தார் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் முதலிய துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் அஹ்மது, பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னர் காஸான் கானின் தூதராகச் சீனம் சென்றார். திரும்பும் வழியில் 1305-இல் மஅபரை நெருங்குகையில் இறந்து, தந்தையின் உடன்பிறந்தாருடைய கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஒரே குடும்பம் மூன்று அரசுகளுக்கு இடையே பாலமாக நின்ற வரலாறு இது.

இவ்வளவையும் நமக்குத் தருபவர் ஷீராஸ் நகரத்து வஸ்ஸாஃப். 1312-இல் மன்னர் உல்ஜாய்த்துவின் முன்னிலையில் அரங்கேறிய அவருடைய பாரசீக வரலாறு சொல்லலங்காரத்துக்குப் பேர்போனது. அதில் ஒரு பகுதி நம் நாட்டுக் குதிரை வாணிபத்தைப் பற்றியது. எலியட், டௌசன் ஆகியோர் 1871-இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பின் மூன்றாம் பாகத்தில் அது இடம்பெற்றதால், பின்வந்தோர் பலரும் அதையே எடுத்தாண்டனர். ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் 1,400-ஐ ஆண்டுதோறும் அனுப்புவது என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை என்றும், வழியில் மடியும் குதிரைக்கும் பாண்டியன் பணம் தருவது என்றும் உடன்படிக்கை இருந்ததாம். முந்தைய காலத்தில் கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் ஏற்றப்பட்டன என்றும், அவற்றின் விலை 22,00,000 தீனார் என்றும் அவர் மேலும் எழுதுகிறார்.

இவ்விரண்டு செய்திகளும் ஒரே தரத்தவை அல்ல. 220-ஐப் 10,000-ஆல் பெருக்கினால் 22,00,000 வரும். பள்ளிப் பிள்ளையும் இதைச் செய்யும். துறைமுகத்து ஏட்டைப் பார்த்து எழுதிய தொகை இவ்வளவு வழுவழுப்பாக வந்து நிற்பதில்லை. 1,400 என்னும் எண்ணின் நிலை வேறு. அது இரு தரப்பும் உடன்பட்ட ஒப்பந்தத்தைச் சேர்ந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் எதிரெதிர் ஆதாயம் உண்டு. ஆதலால் இருவரும் ஏற்ற சொல்லுக்கு மதிப்பு மிகுதி.

மஅபர் மக்கள் குதிரைக்கு வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் கலந்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பாலும் புகட்டுவர். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துப் பயிற்சியின்றி ஏறி ஓட்டுவர். நல்ல குதிரையும் விரைவில் வீணாகும் என்று வஸ்ஸாஃப் நகைக்கிறார். அவர் தம் வாழ்நாளை ஷீராஸில் கழித்தவர். வணிகர் வாய்ச்சொல்லே அவருக்கு ஆதாரம். அவர் பார்ஸ் நாட்டின் வருவாய்த்துறை அலுவலர். அந்நாட்டின் வரிக்குத்தகையோ ஜமாலுத்தீன் கையில் இருந்தது. இந்நிலையில், குதிரைகள் மடிவதற்கு வாங்குபவரே முழுப் பொறுப்பு என்னும் செய்தி யாருக்கு இனிக்கும் என்று நாம் கேட்க வேண்டாமா?

இரண்டாம் சாட்சி வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. குதிரைகள் மடிவதை அவரும் கூறுகிறார். ஆனால் வஸ்ஸாஃப் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்த்துக் கூறுகிறார். குதிரை வைத்தியர் எவரும் மஅபருக்குப் போய்விடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விலையாகும்! கீஷ் வணிகர்பால் கடமைப்பட்டிராத அயலாரின் வாயிலிருந்து இது வருகிறது. இவ்வொரு செய்தியால் வஸ்ஸாஃபின் நகைப்பு முழுவதும் வேறு நிறம் பெற்றுவிடுகிறது. நம்மவர் கட்டுரைகளில் இச்செய்தி இடம்பெறுவது மிக அரிது.

குதிரைக்கான பணம் கோயில்களின் நிலபுலன்களிலிருந்தும், அவற்றைச் சார்ந்த கணிகையர் மீதான வரியிலிருந்தும் வந்தது என்றும் வஸ்ஸாஃப் கூறுகிறார். திருவண்ணாமலையில் வாழும் நாம் இதைக் கேட்டு வாளா இருத்தல் இயலாது. இவ்வூர்க் கோயிலிலும் பிற கோயில்களிலும் உள்ள கல்வெட்டுகள் நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் நிலமும் ஆடுமாடும் பொன்னும் விட்ட செய்திகளைப் பேசுகின்றன. அறத்துக்கென விட்ட பொருளை மாற்றுவோர்க்குக் கொடிய பாவம் சொல்லும் கல்வெட்டுகள் பலவுண்டு. வக்ஃபுப் பொருளை வேறு காரியத்துக்குத் திருப்பலாகாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விதிப்பதும் இதுவே. அரசர்கள் இவ்விதியை ஒருபோதும் மீறியதில்லை என்று நாம் கூற வரவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவரின் ஒற்றை வாக்கியத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது என்கிறோம்.

தமிழ் நூல்களின் சாட்சியமும் உண்டு. பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரைகளைக் கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் மாணிக்கவாசகர். அவர் பொருட்டு இறைவனே குதிரை வணிகனாக வந்ததாகத் திருவிளையாடற் கதை கூறுகிறது. அவர் திருவெம்பாவை பாடியது இத்திருவண்ணாமலையில் என்பது மரபு. குதிரையோடு வந்த அயல் வணிகனின் கோலத்தை இறைவனுக்கே சூட்டிப் பார்த்த மக்களின் மனத்தை, வஸ்ஸாஃபின் ஏளனம் எட்டவேயில்லை.

மூன்றாம் சாட்சி இப்னு பதூதா. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டு, கோழிக்கோட்டில் கப்பல் சேதமுற்று, மாலத்தீவும் இலங்கையும் சுற்றி அவர் மஅபர் வந்தபோது பாண்டியரும் இல்லை, தீபீ குடும்பமும் இல்லை. மதுரையில் சுல்தான் கியாதுத்தீன் ஆண்டார். அவருக்கு எதிராக நின்றவர் மூன்றாம் வீரவல்லாளர். 1328 அளவில் இத்திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட போசள மன்னர். அவர் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்று எழுதும் இப்னு பதூதா, அவர்கள் எல்லாரையும் கயவர், குற்றவாளிகள், ஓடிப்போன அடிமைகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார். வேற்றுச் சமயத்து மன்னனிடம் ஊழியம் செய்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் இன்னதென்று அவர் காட்டவில்லை. தகீயுத்தீன் பாண்டியனிடம் செய்ததும் ஊழியம்தானே!

1342-இல் கண்ணனூர்க் கொப்பத்துப் போரில் எண்பது வயது வல்லாளர் பிடிபட்டார். விடுதலை செய்வதாக வாக்களித்து அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். இப்னு பதூதா அதைக் கண்ணால் கண்டவர். அமான் கொடுத்தபின் உயிரைத் தொடுவது மார்க்கம் தடுத்த துரோகம் என்பதைக் காழியாகப் பதவி வகித்த அவர் அறியாதவரா? பெண்களையும் குழந்தைகளையும் அதே சுல்தான் கொன்றதை அவர் வெறுத்து எழுதினார். அக்கொடுமையாலேயே அல்லாஹ் அவர் அழிவை விரைவுபடுத்தினான் என்றும் கூறினார். வல்லாளர் செய்தியில் மட்டும் அவர் பேனா தீர்ப்பு எழுதாமல் நகர்கிறது. சுல்தான் அவருக்குச் சகலை. மாலத்தீவின் மீது படை அனுப்ப அச்சுல்தானின் துணையை நாடியவர் அவர். நூல் முற்றுப்பெற்ற 1355-இல் சுல்தான் உயிரோடில்லை, அஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. நேர்சாட்சி என்பதற்காக அவருடைய செய்தியை ஏற்கிறோம்; அவர் மௌனத்தை ஏற்க மாட்டோம்.

இன்று நம்மவரில் ஒரு சாரார் பாண்டியன் அவையில் முஸ்லிம் அமைச்சர் இருந்த பெருமையைப் பேசி, மதுரை மதிலைப் பேசாமல் கடக்கின்றனர். பிறருள் ஒரு சாரார் மதுரை மதிலை மட்டும் பேசி, காயல் துறையை மறைக்கின்றனர். இரு சாராரும் பாதி நூலைத்தான் படிக்கின்றனர். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனாக நின்று வல்லாள மன்னருக்குத் திதி கொடுப்பதை இவ்வூர் முஸ்லிம் பிள்ளைகளும் காண்கின்றனர். அம்மன்னர் எப்படி இறந்தார் என்று அவர்கள் கேட்டால், மழுப்பாமல் விடை சொல்லும் கடமை நமக்குண்டு. கடலில் மடிந்த குதிரைக்கும் விலை கொடுத்த பாண்டியனின் வாக்கையும், உயிரோடிருந்த கைதிக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுல்தானின் செயலையும் ஒரே தராசில் நிறுத்துக் காட்டுவதே நேர்மையான விடை. மஅபர் என்னும் சொல் பிறந்த அதே வேரிலிருந்துதான் படிப்பினை என்று பொருள்படும் இப்ரத் என்னும் சொல்லும் பிறந்தது என்பதை அரபு கற்ற நம்மவர் நினைவிற்கொள்வது நலம்.