வியாகுலப் பிரசங்கமும் யாழ்ப்பாணத்துக் கிறித்தவச் சமூகமும்

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் பெரும்பாலும் ஆறுமுக நாவலரையே (1822–1879) தொடக்கமாகக் கொள்வர். அவருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், சாங்கோபாங்க சுவாமிகள் எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) எழுதிய உரைநடை நூல்கள் இலக்கிய வரலாறுகளிலே ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் வியாகுலப் பிரசங்கம் தனித்து நோக்கத்தக்கது. இலக்கண வரம்பையும் சொற்றூய்மையையும் மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளின் இந்நூலிற் குறைகள் பல தோன்றலாம். ஆயின், அது எத்தகைய மக்களுக்காக, எச்சூழ்நிலையில் எழுந்தது என்பதை நோக்குமிடத்து அவ்வளவுகோலின் போதாமை புலனாகும்.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு மறைவிடங் கொடுத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. குருவும் பலிபூசையும் இல்லாத ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1687இல் கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, சில்லாலை முதலிய ஊர்களிலே மறைவாகச் செபித்து வந்த மக்களைக் கண்டார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே வழிபாட்டிற்கெனக் கூடியோரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தனர். எனினும் அடிகளார் அகப்படவில்லை. ஓர் ஊர் முழுவதும் ஒருவரையொருவர் காட்டிக்கொடாது வாழ்ந்தமையே அவரைக் காத்தது. அக்காலத்தில் நம்பிக்கை என்பது தனிமனிதரின் அகவாழ்வுக்குரிய ஒன்றாக மாத்திரம் இருந்திருக்க முடியாது. அயலவன் வாய்திறவாதிருப்பான் என்ற உறுதியே அதன் அடித்தளம்.

குருமார் இல்லாவிடத்து அச்சமூகத்தை நடத்தியோர் மூப்பரும் அண்ணாவிமாருமாவர். செபங்களைச் சொல்லிக்கொடுத்து வழிபாட்டை முன்னின்று நடத்தியவர் அண்ணாவி எனப்பட்டார். கூத்துப் பழக்கும் ஆசானையும் யாழ்ப்பாணத்தார் அண்ணாவியார் என்றே அழைப்பர். செபமும் கூத்தும் ஒரே பெயருடைய ஆசான்களிடம் பயிலப்பட்டமை தற்செயலானதெனத் தள்ளிவிடத்தக்கதன்று. இரண்டும் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் சேர்ந்து நிறைவுசெய்யும் கலைகள்.

1705இல் இலங்கைக்கு வந்த கொன்சால்வெஸ் அடிகளார் இத்தகைய மக்களுக்காகவே எழுதினார். கத்தோலிக்கருக்கு அச்சுக்கூடம் இல்லாத காலமாகையால் அவருடைய நூல்கள் கைப்பிரதிகளாகவே பரவின. கிறித்துவின் பாடுகளைக் கூறும் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே ஆலயங்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டது. உரைநடை நூலொன்று இசையோடு ஓதப்பட்டமை அதன் இயல்பை உணர்த்துகின்றது. தனியறையில் ஒருவர் கண்ணால் வாசித்தற்கென அமைந்ததன்று அந்நூல். பலர் செவியேற்று உடன் புலம்புதற்கென அமைந்தது. விளிகளும் வினாக்களும் அடுக்குத் தொடர்களும் ஏட்டிலே மிகையாகத் தோன்றலாம். கூட்டத்தின் நடுவே அவை அழுகைக்கு இடைவெளியும் மூச்சும் தருகின்றன.

இவ்விடத்திலே யாழ்ப்பாணத்து மரணவீட்டு வழக்கம் நினைவிற்கு வருதல் இயல்பு. இறந்தவர் வீட்டில் அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயலவரும் உறவினரும் சமைத்துக் கொணர்வர். ஒருத்தி ஒப்பாரி தொடங்க ஏனைய பெண்கள் தோள்சேர்ந்து தொடர்வர். துயரைப் பங்கிட்டுக்கொள்ளும் இவ்வழக்கத்தையே வியாகுலப் பிரசங்கம் ஆலயத்தினுள் அழைத்துச் செல்கின்றது. அங்கு வியாகுல மாதா மகனை இழந்த அயல்வீட்டுத் தாயாகின்றாள். கேட்போர் அவளோடு கூடியழும் சுற்றத்தாராகின்றனர். பாசுக்கு எனப்படும் திருப்பாடுகளின் காட்சியும், கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்த எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி முதலிய கூத்துக்களும் இவ்வுணர்வின் விரிவுகளே எனலாம்.

இதே காலத்தில் தமிழகத்தில் வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியை இயற்றினார். அது காப்பிய மரபறிந்த புலவரை வேண்டி நிற்பது. வியாகுலப் பிரசங்கமோ ஒரு சபையை வேண்டி நிற்பது. ஒன்றின் அளவுகோலால் மற்றையதை மதிப்பிடுதல் பொருந்தாது.

எனினும், கூடிவாழ்தலைப் போற்றுமிடத்து விமரிசகர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். கூடியோர் யார், புறத்தே நிறுத்தப்பட்டோர் யார் என்ற வினா எழுதல் தவிர்க்க முடியாதது. யாழ்ப்பாணத்துக் கிறித்தவம் சாதியை வென்றதெனக் கூறுவதற்கில்லை. ஆலயத்தினுள்ளேயே சாதிக்கேற்ப இடம் வகுக்கப்பட்ட வரலாறு உண்டு. தனித்தனிச் சாதியினரின் பங்குகளாகவே பல ஆலயங்கள் வளர்ந்தன. ஊரை ஒன்றுசேர்த்த கூத்து அவ்வூரின் எல்லையையும் வரைந்தது. ஒரே பந்தியில் அமர மறுத்தோர் ஒரே துயரைப் பாடினர் என்பது இம்மரபின் உள்முரண்பாடாகும். தாழ்த்தப்பட்டோர் விடுதலையை நாடி மதம் மாறியும் அதனை அடையாது ஏமாந்ததைக் கே. டானியல் 1986இல் வெளிவந்த நாவலிலே சித்திரித்தார். அதற்குக் ‘கானல்’ எனப் பெயரிட்டமையே அவரது தீர்ப்பாகும். அப்போஸ்தலர் பணி கூறும் ஆதிச் சபையார் யாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலே பொதுவில் வைக்கப்பட்டது பெரும்பாலும் கண்ணீரேயன்றிக் காணியும் கிணறும் அல்ல.

ஆயின், கண்ணீரைப் பொதுவில் வைத்தலும் சிறிதன்று. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1995 யூலை 9ஆம் நாள், இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த நவாலி புனித பேதுருவானவர் ஆலயம் தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல ஊரவர் ஒரே கூரையின்கீழ் ஒதுங்கிய அந்நாளில் எவர் எப்பங்கைச் சேர்ந்தவர் என்ற வினா பொருளிழந்தது. அதே ஆண்டு ஒற்றோபரில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர நேர்ந்தபோது, ஊரோடு ஒட்டி வளர்ந்த கூத்து மரபும் நிலைகுலைந்தது. சிதறிய அம்மரபைத் திரட்டி அரங்கேற்றும் பணியில், நீ. மரிய சேவியர் அடிகளார் 1965இல் தோற்றுவித்த திருமறைக் கலாமன்றத்தின் பங்கு குறிப்பிடத்தக்கது.

ஆகவே, வியாகுலப் பிரசங்கத்தை மதிப்பிடுதற்கு உரைநடைத் திறன் மாத்திரம் போதியதன்று. அது கட்டியெழுப்பிய உறவுகளையும் கட்டியெழுப்பத் தவறியவற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஒடுக்குமுறைக் காலத்தில் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் வலிமையை அம்மரபு தன் மக்களுக்கு அளித்தது. அவ்வலிமை வேலிக்கு அப்பாலுள்ளவரையும் தாங்கும் அளவிற்கு விரியவில்லை. ஒப்பாரிக்கு வந்தவர் பந்திக்கும் அழைக்கப்படும்போதே இந்நூல் தன் கேட்போரிடம் வேண்டிய துயர்ப்பகிர்வு முழுமை பெற்றதாகும்.