வெண்பூச்சின் எல்லை

தெற்கு தில்லியின் கிழக்குக் கிட்வாய் நகரில் அரசு ஊழியர்களின் பழைய, தணிந்த குடியிருப்புகளை இடித்துவிட்டு, 86 ஏக்கரில் சுமார் 4,600 வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளை அரசுக் கட்டுமான நிறுவனமான என்.பி.சி.சி. கட்டியது. அருகிலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று பதிவான வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ். நகரச் சூட்டுக்கு எதிரொளிப்புப் பூச்சே மருந்து என்ற வாதத்தை எடைபோட இது பொருத்தமான களம்.

பூச்சின் அறிவியலில் பழுதில்லை. புதிய தார்ச்சாலை தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது. நல்ல வெண்பூச்சு ஐந்தில் நான்கு பங்கைத் திருப்புகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் பேரியம் சல்பேட்டைக் கொண்டு 98.1 சதவீதத்தை எட்டியது. எதிரொளிப்பு மட்டும் போதாது, உள்வாங்கிய சூட்டை உமிழவும் வேண்டும். புதுத் தகரம் என்னதான் பளபளத்தாலும் உமிழ்வு குறைந்ததால் கை வைக்க முடியாமல் சுடுகிறது. வெண்பூச்சு இரண்டு சோதனையிலும் தேறுகிறது. குளிர்காலத்தில் வெயிலை இழப்போம் என்ற மறுப்பும் வலுவற்றது. டிசம்பர் வெயில் சாய்ந்து விழுவதால் கூரைக்குக் கிடைப்பதே குறைவு.

பழுது அளவுகோலில் இருக்கிறது. நம் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு (2017) குளிர்கூரைக்குத் தொடக்க எதிரொளிப்பு 0.6 இருந்தால் போதும் என்றது. கலிபோர்னியாவின் விதியோ மூன்றாண்டு வெயிலிலும் அழுக்கிலும் கிடந்த பிறகு எஞ்சும் மதிப்பைக் கேட்கிறது. மே மாதப் புழுதிக்காற்று ஒன்று அடித்து ஓய்ந்ததும் தில்லி மொட்டை மாடியில் விரலை இழுத்துப் பாருங்கள். பழுப்புத் தடம் விழும். முதல் நாள் வெண்மைக்குச் சான்று தரும் விதி இந்த ஊருக்கு உதவாது.

அதைவிடப் பெரிய பிழை, கட்டட வடிவத்தைப் பாராமல் முறையைப் பெயர்த்து நடுவது. 2010 வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத் 2013இல் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் ஏழைகளின் ஓரடுக்கு வீடுகளுக்கு வெள்ளையடித்தது. அங்கே சூடு இறங்கும் முதன்மை வழி கூரை. ஆகவே அந்தத் தேர்வு சரியானது. அடுக்குமாடியில் கூரைப்பூச்சின் நேரடிப் பயன் பெரும்பாலும் உச்சித் தளத்தோடு நின்றுவிடுகிறது. கீழ்த்தளங்களைச் சுடவைப்பவை மேற்குச் சுவரும் நிழலற்ற சன்னலும்.

தரைக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் 2020 முதல் சாலைகளுக்கு வெளிர்பூச்சு இட்டது. நண்பகலில் தரைச்சூடு சுமார் 6 டிகிரி குறைந்தது. நடந்துசெல்பவர் மேல் படும் கதிர்வெப்பமோ சுமார் 3 டிகிரி கூடியது. தரை தப்பித்தது, மனிதர் மாட்டிக்கொண்டார். ஐ.என்.ஏ. மெட்ரோவிலிருந்து வெயிலில் நடந்து வீடு திரும்புபவருக்கு இது எப்படி நன்மையாகும்?

மரம் இரண்டு வேலைகளை ஒருங்கே செய்கிறது: வெயிலைத் தடுக்கிறது, நீரை ஆவியாக்கிக் காற்றையும் தணிக்கிறது. அருகிலுள்ள அரசுக் குடியிருப்புகளான நேதாஜி நகர், சரோஜினி நகர் மறுகட்டுமானத்துக்கு மரம் வெட்டுவதை 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்த மரங்களின் நிழலுக்குப் பூச்சு ஈடாகாது. கன்று மரமாகப் பல்லாண்டு ஆகும் என்பது உண்மை. நிற்கும் மரத்தைக் காக்க அதுவே முதல் காரணம்.

பொருளுக்குத் தேர்ச்சி தரலாம். அதை மட்டும் நம்பும் திட்டத்துக்குத் தர இயலாது. விதித்தொகுப்பு மூன்றாண்டு மதிப்பைக் கோரட்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் கோடைக்கு முன் கூரை கழுவும் செலவு இடம்பெறட்டும். நடைபாதைக்கு நிழல் வந்த பின்னரே பூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.