சுவர் கோணல் என்று யார் சொல்வது?

ஆப்பிரிக்காவுக்குப் போய் முகாம் வளாகம் கட்டித் தரும் குறுங்கால மிஷன் பயணங்களுக்கு ஆதரவாக ஒரு வாதம் இப்போது பரவலாகக் கேட்கிறது. கட்டடம் சுமாராக அமைந்தால் என்ன, போனவர்களின் மனம் மாறுகிறதே, இரு கண்டத்துச் சபைகளுக்குள் உறவு பிறக்கிறதே என்பது அந்த வாதம். ராபர்ட் உத்னோ என்ற சமூகவியலாளரின் மதிப்பீட்டில், 2005 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் அமெரிக்கச் சபையார் இப்படி வெளிநாடுகளுக்குப் போய்வந்தார்கள். இப்படிப் போகிறவர்களில் சிலர் கென்யாவிலோ உகாண்டாவிலோ பத்து நாள் தங்கி, அடுக்குக் கட்டில் போட்ட அறைகள், சாப்பாட்டுக் கூடம், கூட்டம் நடத்தக் கொட்டகை என்று எழுப்பிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. விடுமுறையையும் சேமிப்பையும் கொடுத்துவிட்டு வெயிலில் மண் சுமப்பவர்கள் அவர்கள். நைரோபியின் நெருக்கடியில் வளரும் பிள்ளைகளுக்கு நான்கு நாள் முகாம் நன்மை செய்யும் என்பதும், மின்சார வேலையோ ஆழ்துளைக் கிணற்று வேலையோ தெரிந்த ஒருவர் போனால் உண்மையிலேயே பயன் உண்டு என்பதும் சரிதான். என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. சிந்தனையாளர் இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், உதவி செய்யக் கிளம்பிய அமெரிக்க இளைஞர்களைப் பார்த்து, ஊரைப் பார்க்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்று கடிந்துகொண்டார். அவருடைய கோபம், அமெரிக்க வாழ்க்கை முறை அடுத்தவர்மேல் திணிக்கப்படுவதைப் பற்றியது. நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது, ஆனால் அதைவிடத் தப்பிக்க முடியாதது: இந்த ஏற்பாட்டில், வந்தவர் கட்டிய சுவர் கோணல் என்று அந்த ஊர்க்காரரால் சொல்ல முடியாது.

இது உவமை அல்ல. பிப்பா பிடில் என்ற அமெரிக்க எழுத்தாளர் தம் பள்ளிக் காலத்தில் தான்சானியாவுக்குப் போன பயணத்தைப் பற்றி 2014இல் ஒரு கட்டுரை எழுதினார். அது திருச்சபைப் பயணம் அல்ல, பள்ளிப் பயணம். ஆனாலும் ஏற்பாடு அச்சு அசலாக இதேதான். அநாதை இல்லம் ஒன்றில் நூலகம் கட்டுவது மாணவிகளின் வேலை. பகல் முழுக்க அவர்கள் செங்கல் வைப்பார்கள். இரவில் அந்த ஊர் ஆட்கள் வந்து, நிற்காது என்று தெரிந்த வரிசைகளைப் பிரித்தெடுத்து, மறுபடி ஒழுங்காகக் கட்டிவைப்பார்கள். விடிந்து வரும் மாணவிகளுக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதற்காக இவ்வளவும் இருட்டில் நடந்தது. செங்கல் வேலை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். தூக்குக் குண்டு நூலைவிட்டு விரலளவு விலகினாலே மேலே வரும் ஒவ்வொரு வரியும் அந்தப் பிழையைச் சுமக்கும். சாந்து காய்ந்தபின் திருத்த வழியில்லை, இடிக்கத்தான் வேண்டும். அதனால்தான் எந்த ஊர்க் கொத்தனாரும் புதிதாகக் கரண்டி பிடிக்கிறவரை உடனே அதட்டுவார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘ஃபுண்டி’ என்று அழைக்கப்படும் கைவினைஞரும் தம்மிடம் தொழில் கற்க வந்த பையனை அப்படித்தான் அதட்டுவார். விருந்தினரை மட்டும் அதட்ட முடியாது, ஏனென்றால் அந்த விருந்தினர் முகம் வாடித் திரும்பினால் அடுத்த ஆண்டுக்கான பணமும் வாடிப்போகும்.

நடந்ததை அழகான விருந்தோம்பல் என்று சிலர் பாராட்டக்கூடும். எனக்கு அது மனத்தை அறுக்கிறது. தொழில் தெரிந்த மனிதர் தம் தொழிலை ஒளித்துக்கொண்டு செய்ய நேர்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு! அதைவிட முக்கியமான விளைவு ஒன்றும் உண்டு. ஊர்க்காரர் உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில், இந்தப் பயணங்களுக்கு ஆதரவாக வைக்கப்படும் சாட்சியங்கள் அத்தனையும் செல்லாதவை ஆகிவிடுகின்றன. புகைப்படத்தில் சிரிக்கும் முகங்கள், வழியனுப்பும் பாட்டு, போதகர் எழுதும் நன்றிக் கடிதம், மறுபடி வாருங்கள் என்ற அழைப்பு ஆகியவற்றில் எதை வைத்தும் அந்தப் பயணம் பயன்பட்டதா என்று அளக்க முடியாது. கோணல் சுவருக்கும் நேரான சுவருக்கும் ஒரே நன்றிதான் வரும்.

பணம் கொண்டுவராத ஒருவர் கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதற்குச் சான்று ஆப்பிரிக்காவிலிருந்து அல்ல, ஹோண்டுராஸிலிருந்து கிடைக்கிறது. 1998இல் மிட்ச் புயல் அந்த நாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு வட அமெரிக்கக் குழுக்கள் வீடு கட்டித் தந்தன. அங்கேயே பல்லாண்டு வாழ்ந்த கால்வின் கல்லூரிச் சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், வந்து கட்டியவர்களையும் வீடு பெற்றவர்களையும் விசாரித்து 2006இல் ஆய்வை வெளியிட்டார். பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 30,000 டாலர். உள்ளூரார் ஒரு வீடு கட்ட ஆன செலவு ஏறக்குறைய 2,000 டாலர். வெளிநாட்டார் கை வைத்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் வேறுபாடு ஒன்றும் தென்படவில்லை. அந்தப் பணத்தில் இன்னும் பல வீடுகள் கட்டியிருக்கலாமே என்பதே ஹோண்டுராஸ் மக்களின் விருப்பமாக இருந்தது. போனவர்களின் மனமாற்றம் என்ற வாதமும் அங்கே நிற்கவில்லை. பெரும்பாலோர் தங்கள் காணிக்கையும் ஜெபமும் கூடிவிட்டதாக உளமாரச் சொன்னார்கள். காணிக்கைக் கணக்கைப் பார்த்தபோது கூடியது மிகச் சொற்பம். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குள் எழுந்த உணர்ச்சியை வாழ்வின் மாற்றம் என்று நம்பிவிட்டார்கள், அதையும் திருத்திச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

உள்ளூர்ச் சபைகளே அழைக்கின்றனவே என்று கேட்கலாம். அழைக்கின்றன, உண்மை. ஆனால் வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்த காலமும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கென்யாவின் ஜான் காட்டு, 1971இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பேசும்போது, மிஷனரிகள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது விலகியிருக்கட்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். 1974இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் மாநாடு வெளிநாட்டுப் பணத்துக்கும் ஆட்களுக்கும் சேர்த்தே அப்படியொரு தற்காலிகத் தடையைக் கோரியது. அது பகையிலிருந்து எழுந்த குரல் அல்ல, தன் காலில் நின்று பார்க்க ஆசைப்பட்ட ஒரு சபையின் குரல். மேற்கே பலர் அதை நன்றி கெட்டத்தனமாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளியும் மருத்துவமனையும் அந்தப் பணத்தில் ஓடியதால் ஆப்பிரிக்கத் தலைவர்களிலேயே பலர் ஒப்பவில்லை. கோரிக்கை மங்கிப்போனது. கோணல் என்று ஒருமுறை உரக்கச் சொன்னதற்குக் கிடைத்த விலை அது. அதைப் பார்த்துவிட்டு எழுதப்படும் அழைப்புக் கடிதத்தை முழுமனச் சம்மதமாக எண்ண என்னால் முடியவில்லை.

நாங்கள் போகாவிட்டால் யார் கட்டுவது என்ற கேள்விக்கு ஆப்பிரிக்கா எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இன்று 60 கோடிக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள் வாழும் கண்டம் அது. காங்கோவின் ங்கம்பாவில் கிம்பாங்கு சபையின் பேராலயத்தை விசுவாசிகளே கல் சுமந்து எழுப்பி 1981இல் திறந்தார்கள். அந்தச் சபையின் தந்தை சைமன் கிம்பாங்கு 1921இல் பெல்ஜிய ஆட்சியில் சிறைப்பட்டு, 1951இல் சிறையிலேயே இறந்தவர். நைஜீரியாவில் லாகோஸ்-இபாடன் நெடுஞ்சாலையோரம் ‘ரிடீம்ட்’ என்ற பெந்தெகொஸ்தே சபையார் அமைத்த முகாம், சொந்த மின்நிலையத்தோடு ஒரு நகரமாகவே வளர்ந்துவிட்டது. அந்தச் சபையின் செழிப்புப் பிரசங்கம் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அவர்கள் முகாமை யாரும் வந்து கட்டித்தரவில்லை. கட்டடமே இல்லாமலும் நடந்திருக்கிறது. 1945இல் உகாண்டாவின் கபாலேயில் கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் கூட்டத்துக்கு மலை தாண்டி நடந்துவந்த ஆயிரக்கணக்கானோர் திறந்தவெளியில்தான் உட்கார்ந்தார்கள். கென்யாவில் ‘ஹராம்பே’ என்ற சொல் அரசு இலச்சினையிலேயே இருக்கிறது. ஊர் கூடி, பணமோ உழைப்போ ஆளுக்கொன்று தந்து பள்ளிக்கூடம் எழுப்பும் வழக்கம் அது. அரசியல்வாதிகள் பிறகு அதை வாக்கு வாங்கும் மேடையாக்கிக் கெடுத்தது தனிக் கதை. இப்படிக் கட்டியவர்களுக்குள் கோணலைக் கோணல் என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. சொன்னவரும் கேட்டவரும் அதே சுவரின் கீழ்தான் நாளை உட்கார வேண்டும். மழைக்காற்றில் தகரக் கூரை பெயர்ந்தால் ஏறி ஆணி அடிப்பதும் அவர்களேதான். பத்து நாளில் விமானம் ஏறியவரின் வளாகத்தில் அந்த ஆணியை யார் அடிப்பது என்பதற்கே முதலில் ஒரு மின்னஞ்சல் போகவேண்டியிருக்கிறது.

கடைசியாக, உறவு பிறக்கிறது என்ற வாதம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வி. எஸ். அசரியா, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளை மிஷனரிகள் நிறைந்த அவையில் இதைத்தான் தொட்டார். அவர்களின் தியாகத்தையும் தானத்தையும் மதிப்பதாகச் சொல்லிவிட்டு, அவற்றுக்கு மேலாக அவர் கேட்டது நட்பை. அவையில் பலருக்கு அது கசந்தது. தானம் வேறு, நட்பு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பன் என்றால் சுவர் கோணல் என்று பகலிலேயே சொல்லியிருப்பான், கேட்டவனும் சிரித்துக்கொண்டே கரண்டியைக் கொடுத்திருப்பான். இரவில் பிரித்துக் கட்ட வேண்டிய உறவுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் போகாவிட்டால் பணமும் போகாது, வெறும் காசோலைக்கு எந்தச் சபையும் இரங்காது என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அது சபையின் முன் வைத்துப் பேசவேண்டிய சங்கதி. புறப்படுமுன் அந்த ஊர் ஃபுண்டி ஒருவரிடம் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள், எத்தனை நாள் கூலி என்று ஒரு மதிப்பீடு எழுதி வாங்கட்டும். பக்கத்தில் இருபது பேரின் விமானச் சீட்டு, விசா, தங்கும் செலவை எழுதட்டும். இரண்டு தாள்களையும் ஞாயிறு ஆராதனையில், காணிக்கைப் பை சுற்றி வருவதற்கு முன்பு, ஒருவர் எழுந்து நின்று வாசிக்கட்டும்.