வாசகர்கள் கூடும்போது

நாவல் தனியாகப் படிக்கிறவனுக்காக ஏற்பட்ட இலக்கிய உருவம். நாடகத்துக்குக் கூட்டம் வேண்டும்; கதாகாலட்சேபத்துக்கும் கூட்டம் வேண்டும். நாவலுக்கு ஒரு மனிதன், ஒரு விளக்கு, இரண்டு மணி நேர அவகாசம் இருந்தால் போதும். அப்படியிருக்க, ஒரே ஆசிரியரைப் படிக்கிறவர்கள் நாள் குறித்துக்கொண்டு ஓரிடத்தில் கூடுகிறார்களே, எதற்காக? கூடி என்ன செய்கிறார்கள்? கலைந்து போகும்போது அவர்களுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் இருந்த உறவு வளர்ந்திருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

வாசகர் கூட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று தினுசு உண்டு. ஆசிரியரைப் பார்க்கக் கூடுவது ஒன்று. கதை நடந்த இடத்தைப் பார்க்கக் கூடுவது ஒன்று. புத்தகத்தைப் பார்க்கக் கூடுவது ஒன்று. முதல் இரண்டும் எங்கும் நடக்கின்றன. மூன்றாவதுதான் அபூர்வம்.

முதல் தினுசுக்குப் பெரிய உதாரணம் சார்லஸ் டிக்கன்ஸ். 1858-ல் அவர் கட்டணம் வைத்துத் தம் கதைகளைத் தாமே மேடையில் படித்துக் காட்டத் தொடங்கினார். 1870-ல் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு வரை அதை விடவில்லை. அமெரிக்காவில் அவர் வாசிப்புக்கு டிக்கெட் வாங்க இரவெல்லாம் குளிரில் வரிசையில் நின்றார்கள். மாதாமாதம் தனித்தனியாக அவரைப் படித்துவந்தவர்கள் இப்போது ஒன்றாக உட்கார்ந்து அவர் குரலையே கேட்டார்கள். வாசகனுக்கு இதைவிட என்ன பாக்கியம் வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் அவர் எதைப் படித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 'டேவிட் காப்பர்பீல்ட்' எவ்வளவு பெரிய நாவல்! மேடைக்காக அதை வெட்டிச் சுருக்கி, கடற்கரைப் புயலில் முடிகிற மாதிரி ஒரு மாலைப் பொழுதுக்கு அடக்கிவிட்டார். 'ஆலிவர் ட்விஸ்ட்'டில் நான்ஸி கொலையாகும் கட்டத்தை 1869 முதல் மேடையில் படித்தார். சபை உறைந்துபோயிற்று. நண்பர்கள் வேண்டாம் என்றார்கள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துக் கவலைப்பட்டார். இருந்தும் அந்தக் கட்டத்தை அவரால் விட முடியவில்லை.

இதில் விமரிசகன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து கேட்கும்போது எல்லோரும் ஒரே நிமிஷத்தில் சிரிக்க வேண்டும், ஒரே நிமிஷத்தில் அழ வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற பகுதிதான் மேடையில் நிற்கும். தனியாகப் படிக்கிறவன் அப்படியில்லை. ஒரு பக்கத்தில் ஒருவன் சிரிப்பான். அதே பக்கத்தில் இன்னொருவன் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்ப்பான். நாவலின் உயிர் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆசாமிக்குத்தான் அகப்படுகிறது. ஆசிரியரைச் சுற்றிக் கூடுகிற கூட்டம் அவனை எழுப்பி, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டச் சொல்கிறது.

இரண்டாவது தினுசில் விளையாட்டு அதிகம். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' முழுவதும் 1904-ம் வருஷம் ஜூன் 16-ந் தேதி டப்ளின் நகரத்தில் நடக்கிற கதை. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 1954-ல் அதே தேதியில், கவி பாட்ரிக் காவனாவும் நாவலாசிரியர் பிளான் ஓ'பிரையனும் இன்னும் சில நண்பர்களும் இரண்டு குதிரை வண்டிகளை அமர்த்திக்கொண்டு, கதை ஆரம்பமாகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை அதே வழியில் போவதென்று புறப்பட்டார்கள். ஆளுக்கொரு பாத்திரம் என்று பங்கு போட்டுக்கொண்டார்களாம். பாதி வழியில் ஒரு மதுக்கடை வந்தது. யாத்திரை அதோடு சரி! இன்று அந்தத் தேதி டப்ளினில் வருஷந்தோறும் கொண்டாடப்படுகிற திருநாள்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் கூட்டமாக வண்டி வைத்துக்கொண்டு வீராணம் ஏரிக்கும் பழையாறைக்கும் கோடிக்கரைக்கும் போய்வருகிறார்கள். இதைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. கதையில் படித்த ஊர் வரைபடத்திலும் இருக்கிறது என்று கண்டுகொள்வதில் ஒரு குழந்தைச் சந்தோஷம் இருக்கிறது. ஆனால் ஏரிக்கரையில் நின்றால் ஏரிதான் தெரியும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று குதிரைமேல் வருகிற ஒரு வாலிபனின் கண் வழியாக அந்த ஏரியை நமக்குக் காட்டியதால், கதை முழுவதற்கும் கல்கி எப்படி ஒரு வாசலைத் திறந்துவிட்டார் என்பது கரையில் தெரியாது. அது பக்கத்தில்தான் தெரியும்.

1950 முதல் 1954 வரை அந்தக் கதை வாரந்தோறும் வெளிவந்தது. முடிந்ததும், பிறகு இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். 'அப்புறம் என்ன?' என்ற கேள்வி கதையில் உள்ள ஆசையால் பிறப்பது. 'ஏன் இப்படி?' என்ற கேள்வி பிறக்கும்போதுதான் ரசனை விமரிசனமாகிறது. வாசகர் கூட்டங்களில் முதல் கேள்விக்கு எப்போதும் இடம் உண்டு. இரண்டாவது கேள்விக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்பதுதான் விஷயம்.

சமீபத்தில் காவேரிக்கரை ஊர் ஒன்றில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஒரு நாவலாசிரியரின் வாசகர்கள் ஏற்பாடு செய்த கூட்டம். பாங்கு உத்தியோகஸ்தர், மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், கல்லூரிப் பையன்கள் என்று அறுபது பேர் இருக்கும். பல வருஷமாக ஒருவருக்கொருவர் எழுத்தில் மட்டும் பழகியவர்கள்; அன்றுதான் முகம் பார்த்தார்கள். மனத்தில் வைத்திருந்த முகமும் நேரில் வந்த முகமும் ஒத்துப்போகாமல் பல பேர் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது.

பிறகு மேடைக் காரியம் தொடங்கிற்று. ஏழு பேர் பேசினார்கள். முதன்முதலில் இந்த ஆசிரியரை எந்த ஊரில், எந்த வயதில் படித்தோம், அதனால் தங்கள் வாழ்க்கை எப்படித் திரும்பிற்று என்று ஏழு பேரும் சொன்னார்கள். உண்மையாகத்தான் சொன்னார்கள். ஆனால் சொன்னது அவ்வளவும் தங்களைப் பற்றி. புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொன்னாடை ஆயிற்று. கேள்வி நேரம் வந்ததும் பின் வரிசையிலிருந்து நடுத்தர வயது அம்மாள் ஒருவர் எழுந்தார். நாவலின் கடைசியில் தங்கை வீட்டுச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறாள். அதைப் பற்றித்தான் கேட்டார்.

"இருநூறு பக்கம் வரைக்கும் அரைப்படி அரிசிக்குக் கணக்குக் கேக்கறவ அவ. சாவியைக் குடுக்கறப்போ, அம்மாவோட வெங்கலப் பானையை எண்ணிக் காட்டாமப் போவாளா?"

ஆசிரியர் புன்னகை செய்தார். "பாத்திரம் என் கையை மீறிப் போய்விட்டது, அம்மா" என்றார். பலத்த கைதட்டல். நேரமாகிவிட்டது என்று தலைவர் மணி அடித்தார். அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார்.

நல்ல வேளையாக விஷயம் அதோடு முடியவில்லை. காபி கொடுக்கிற இடத்தில் ரயில்வேக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "கணக்குப் பார்க்கிறவதாம்மா ஒரு நாள் கணக்கையே தூக்கி எறிவா" என்றார். "எறியட்டும் சார். எறியறதுக்கு முந்தி ஒரு ராத்திரி தூங்காம இருந்திருப்பாளே. அந்த ராத்திரி புஸ்தகத்தில இல்லையே" என்றார் அம்மாள். பக்கத்தில் நின்ற பையன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். முந்தின அத்தியாயத்தின் முடிவில், அவள் அறையில் விடியும் வரை விளக்கு அணையவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் போதுமா, போதாதா? வாதம் கால் மணி நேரம் நடந்தது. இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மண்டபத்தின் அந்தக் கோடியில் ஆசிரியரோடு நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு நடந்த விமரிசனம் அந்தக் கால் மணி நேரம்தான். ஒருவர் ஓர் அபிப்பிராயம் சொன்னார், இன்னொருவர் மறுத்தார், மூன்றாமவர் புத்தகத்தைத் திறந்து சாட்சி தேடினார், சாட்சி கிடைத்த பிறகும் அதன் பலம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தார்கள். இதற்குக் கலாசாலைப் படிப்பு வேண்டியதில்லை. தத்துவம் வேண்டியதில்லை. பாத்திரத்தை மனுஷியாக எண்ணி அவளோடு குடித்தனம் நடத்தியிருந்தால் போதும்.

இப்படிக் கூடுவது நமக்குப் புதிது அல்ல. 1920-களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடுவார்கள். வட்டமான தொட்டிக்கட்டில் கூடியதால் வந்த பெயர். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, ஓசை எங்கே தயங்குகிறது, பாவம் எங்கே திரும்புகிறது என்று டி.கே.சி. காட்டிக்கொண்டே போவார். மேடை இல்லை, மாலை இல்லை. கம்பனுக்கும் பொன்னாடை போர்த்த முடியாது! ஒரு தலைமுறைக்குக் கவிதை படிக்கச் சொல்லிக்கொடுத்த இடம் அது.

ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. வட்டத்துக்கு நடு ஒன்றுதான். கம்பன் பெயரில் உள்ள பாட்டுக்களில் பெரும்பகுதி பிறர் நுழைத்தது என்று டி.கே.சி. தீர்ப்புச் சொன்னார். புலவர்கள் கொதித்தார்கள். புத்தகத்தைச் சுற்றிக் கூடியவர்கள் மெல்ல மெல்ல ஒரு ரசிகரைச் சுற்றிக் கூடியவர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல இடமுண்டு. ஆசிரியர் இல்லாத சபையிலும் ஆசனம் காலியாக இருப்பதில்லை.

இதற்கு ஒரு மாற்று 1970-ல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை'யின் முறையில் கிடைத்தது. மாதந்தோறும் பத்திரிகைகளில் வரும் சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் வேறொருவர். வருஷ முடிவில் பன்னிரண்டு கதைகளிலிருந்து ஒன்று. தேர்வுகள் எல்லாம் சரியானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முறை சரியானது. கை மாறுகிறது, காரணம் சொல்லாமல் தப்ப முடிவதில்லை. 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு உட்கார அங்கே வழியில்லை.

இதையெல்லாம் ஒரு பெரிய விஷயமாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். தமிழில் கதை படிக்கிறவர்கள் ஏராளம். படித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் சொற்பம். வெங்கலப் பானையைப் பற்றிக் கேட்ட அம்மாள் கட்டுரை எழுதப்போவதில்லை. கூட்டத்தில் அவரைப் பேசவிடாவிட்டால் அந்த அபிப்பிராயம் அவரோடேயே போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஆசிரியருக்கு. கைதட்டலை மட்டும் கேட்டு வீடு திரும்புகிறவன் அடுத்த நாவலை அந்தக் கைதட்டலுக்காகவே எழுதுவான். டிக்கன்ஸ் போன்ற மேதையையே அது ஆட்டி வைத்தது, நாம் எம்மாத்திரம்? நானும் நாவல் எழுதுகிறவன் என்பதால் இதைச் சற்றுப் பயத்தோடேயே சொல்கிறேன்.

பத்துப் பேர் கூடினால் போதும். ஆசிரியர் வரவேண்டியதில்லை; வந்தால் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆளுக்கொரு பிரதி கையில் இருக்கட்டும். பேசுகிறவர் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். கூட்டம் நன்றாக நடந்ததா என்று அறிய எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும், அந்த விளக்கு அணையாத ராத்திரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்ற வேண்டும்.