சைக்கிள் சிறுவனும் தேநீர் சிம்பன்சிகளும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்து ஷாஃப்ட்ஸ்பரி என்ற சிற்றூரில், கோல்ட் ஹில் என்றொரு செங்குத்தான தெரு இருக்கிறது. கல் பாவிய பாதை, ஒரு பக்கம் படிப்படியாகச் சரியும் பழைய வீடுகள். தெருவின் உச்சியில் ஒரு பெரிய ரொட்டியின் உருவத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1973-இல் ஹோவிஸ் ரொட்டிக்காக இங்கே எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தின் நினைவாக நிற்கிறது அது. கூடை நிறைய ரொட்டியோடு ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறுகிறான். திரும்பும்போது கால்களை விரித்துச் சரிவில் பறக்கிறான். ஒரு முதியவரின் குரல் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிறது. பின்னால் பித்தளை வாத்தியங்களில் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். ஆறு ஆண்டு கழித்து ‘ஏலியன்’ எடுத்தவர்.

பார்த்தவர்களில் பலர் இன்றும் அது வட இங்கிலாந்து ஊர் என்றே சாதிப்பார்கள். தெரு இருப்பதோ தெற்கே. இசையை எழுதியவர் செக் நாட்டுக்காரர், எழுதிய இடம் நியூயார்க், ஆண்டு 1893. அசல் இங்கிலாந்து என்று ஒரு தலைமுறை நெஞ்சில் வைத்திருக்கும் காட்சியின் பூர்வீகம் இதுதான்.

அந்த விளம்பரம் விற்றதும் ஒரு பழைய நினைவைத்தான். 1961-இல் வந்த சோர்லிவுட் என்ற ரொட்டித் தயாரிப்பு முறை பிரிட்டனின் ரொட்டியைப் பெரிய ஆலைகளுக்குள் கொண்டுபோய்விட்டிருந்தது. படம் வந்த ஆண்டின் டிசம்பரில், எரிபொருள் நெருக்கடியால் தொலைக்காட்சி நிலையங்களை இரவு பத்தரைக்கே மூடச் சொன்னது அரசு. அப்படிப்பட்ட காலத்தில், சுடச்சுட ரொட்டியை வீடு தேடிக் கொண்டுவரும் பையன் இனித்ததில் வியப்பில்லை. இன்று எழுபதுகளை எண்ணி உருகுபவர்கள், எழுபதுகள் எதை எண்ணி உருகினவோ அதற்கும் சேர்த்தே உருகுகிறார்கள்.

அதற்காக இந்த ஏக்கத்தை ஏமாளித்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அன்றைய பிரிட்டனில் மூன்றே சேனல்கள். அவற்றில் விளம்பரம் வந்தது ஐடிவி ஒன்றில் மட்டும். 1982-இல் சேனல் 4 வரும்வரை அதுதான் நிலை. தாண்டிப் போக வழியில்லாமல் ஒரு நாட்டின் பாதி ஒரே விளம்பரத்தை ஒரே இரவில் பார்த்தது. மறுநாள் பள்ளிக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் அதே வேடிக்கைதான் பேச்சு. 1974-இல் ஸ்மாஷ் என்ற உடனடி உருளைக்கிழங்கு மாவுக்கு வந்த விளம்பரத்தில், செவ்வாய்க் கிரகத்து உலோகப் பொம்மைகள் பூமிக்காரர்கள் கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, மசிப்பதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். மாவு சுவையாக இருந்ததா என்பது வேறு கதை. ஆனால் சமையலறை வேலையை வேற்றுக் கிரகத்துக் கண்ணால் பார்க்க வைத்த அந்தக் குறும்பு, பல நகைச்சுவைத் தொடர்களிடம் இல்லாதது.

ஆவணம் என்ற முறையிலும் இவற்றுக்கு மதிப்புண்டு. பல நிகழ்ச்சிகளின் டேப்புகளை அழித்து, அதே டேப்பில் வேறொன்றைப் பதிந்தது பிபிசி. விளம்பரங்களோ ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அன்றைய சமையல் மேடை, திரைச்சீலை, பேச்சு வழக்கு எல்லாம் அவற்றில் தங்கியிருக்கின்றன. நார்ஃபோக்கில் இதற்கென்றே 1976-இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளைக் காப்பகம் இருக்கிறது.

சிக்கல், எதை எடுத்துப் போற்றுகிறோம் என்பதில். பிஜி டிப்ஸ் தேயிலையின் சிம்பன்சிகளை எடுத்துக்கொள்வோம். 1956 கிறிஸ்துமஸில் தொடங்கி 2002 வரை நீண்ட தொடர் இது. 1971-இல் வந்த ‘மிஸ்டர் ஷிஃப்டர்’ படத்தில், பியானோவைப் படிக்கட்டில் இறக்கும் அப்பாவும் மகனுமாக இரண்டு சிம்பன்சிகள்; வாயசைப்புக்கு ஏற்ப நடிகர்களின் குரல். சிரிக்காமல் பார்ப்பது கடினம். அவை ட்வைக்ராஸ் விலங்குக் காட்சிசாலையில் மனிதர்கள் கையால் வளர்ந்தவை. அந்த வருமானம் காட்சிசாலைக்கும் உதவியது. ஆனால் உடுப்பும் கோப்பையும் பழகிய பின், சொந்த இனத்தோடு சேர்ந்து வாழ அவை திணறின. திரையில் தெரியும் அந்தச் சிரிப்பு முகம்கூட மகிழ்ச்சியின் முகமல்ல. பல்லை இளிக்கும் சிம்பன்சி பெரும்பாலும் அச்சத்தில் இருக்கிறது.

கோப்பையில் இருந்த தேநீருக்கும் ஒரு கதை உண்டு. அது தமிழர் கதை. ஹோவிஸ் சிறுவன் மேடேறிய அதே 1973-இல், அதே ஐடிவியில், கிரனாடா நிறுவனத்தின் ‘வேர்ல்டு இன் ஆக்‌ஷன்’ நிகழ்ச்சி ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்று கேட்டது. இலங்கையில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் தோட்டங்களுக்குள் கேமராவைக் கொண்டுபோய், மலையகத் தமிழ்த் தொழிலாளர்களின் லயன் அறைகளையும் மெலிந்த குழந்தைகளையும் காட்டியது. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு முற்றிய காலம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1975-இல் இலங்கை அரசு அந்தக் கம்பெனித் தோட்டங்களை நாட்டுடைமை ஆக்கியது. பியானோ தூக்கிய சிம்பன்சிகளை நினைவு வைத்திருக்கும் பிரிட்டிஷ்காரர்களில் எத்தனை பேருக்கு இந்த நிகழ்ச்சி நினைவிருக்கும்? விளம்பரம் நூறு முறை வந்தது, நிகழ்ச்சி ஓரிரவு வந்தது. மறதிக்கு அதுவே போதுமான காரணம்தான். என்றாலும், எழுபதுகளின் தொலைக்காட்சி என்று தொகுத்துப் போடுபவர்கள் அந்த ஓரவஞ்சனையை அப்படியே தொடர்கிறார்கள்.

மற்றவை தெரிந்த கதைதான். ஆக்ஸோ குழம்புக்கட்டி விளம்பரத்தின் நாயகி கேட்டி, கணவனுக்குக் குழம்பு வைத்தே ஆண்டுகளைக் கழித்தாள். சிகரெட் விளம்பரத்தைத் தொலைக்காட்சியிலிருந்து 1965-லேயே விலக்கினார்கள், சுருட்டு தப்பித்துக்கொண்டது. இசைமேதை பாக்கின் இசையோடு தோல்வியைப் புகைத்து ஊதித் தள்ளும் ஹாம்லெட் சுருட்டு விளம்பரங்கள் 1991 வரை ஓடின. அவை மிக நல்ல விளம்பரங்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சரக்கு கெட்டது என்பதால் கைவண்ணம் குறைந்துவிடாது. கைவண்ணத்தால் நுரையீரலும் தேறிவிடாது.

விளம்பரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துப் பார்க்காமல், ஓர் இரவின் ஒளிபரப்பை முழுதாகப் பார்ப்பது இதைவிடப் பயனுள்ள பழக்கம். சுமாரான சலவைத்தூள் விளம்பரம், நடுவே செய்தி, வேலைநிறுத்தம், அப்புறம் மறுபடி ஒரு சாக்லேட். அதில் அலுப்பும் இருக்கும். அந்த அலுப்பும் எழுபதுகள்தான்.

2019-இல் ஹோவிஸ் விளம்பரத்தைப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் துணையோடு புதுப்பித்தார்கள். ஃபிலிமின் கீறலும் தூசியும் போய், கோல்ட் ஹில் பளிச்சென்று ஆனது. சிறுவன் மறுபடி தொலைக்காட்சியில் மேடேறினான், மறுபடி ரொட்டி விற்க.