தமிழவேளும் பகுத்தறிவும்

ஒரு பத்திரிகாசிரியரைப்பற்றி எழுதப் புகுவோர் அவருடைய தலையங்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு நடையழகைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாயிருக்கிறது. நமக்கு அது போதாது. அவர் எழுத்து படிப்போரிடம் எதைக் கேட்டது, அதில் எவ்வளவு கிடைத்தது என்பதையும் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூர் "தமிழ் முரசு" ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணியாரை அவ்விதமே சீர்தூக்கிப் பார்ப்போம்.

1903-ல் திருவாரூரில் பிறந்த அவர், 1924-ல் சிங்கப்பூர் வந்தார். 1929-ம் வருஷக் கடைசியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாய் நாட்டுக்கு வந்தது முதல் சுயமரியாதைக் கொள்கை இங்கு உரம் பெற்றது. 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தின் சார்பில் 1935 ஜூலை 6-ல் "தமிழ் முரசு" ஒரு காசு விலையில் வார ஏடாக வெளிவந்தது. பால்மரத் தொழிலாளியும் வாங்கக்கூடிய அவ்விலையே முதற் சீர்திருத்தம் என்போம்.

இவரோடு ஒப்பிடத் தக்கவர் மலையாளத்துச் சகோதரன் ஐயப்பன். அவர் 1917-ல் தமது ஊராகிய செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். "சகோதரன்" என்ற பத்திரிகையையும் தொடங்கினார். வந்து உண்டவர்கள் சொந்த ஜாதியாரின் பகையைத் தேடிக்கொண்டார்கள். அப்பந்தி, வந்தவரிடம் ஒரு விலை கேட்டது.

சாரங்கபாணியார் 1952-ல் கண்ட தமிழர் திருநாளோ வேறு வகை. ஜாதி, மதம் பாராமல் தமிழர் அனைவரையும் தைத்திங்களில் மொழியின் பெயரால் ஒரு மேடையில் கூட்டியது அது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடி எழுப்பிய "தமிழ் எங்கள் உயிர்" நிதியும் அவ்வழிப்பட்டதே. பகுத்தறிவைக் கைவிட்டு மொழிப்பற்றுக்குப் போய்விட்டார் எனச் சிலர் குறை கூறலாம். நாம் அதை ஒப்பவில்லை. பல ஊரும் பல மதமுமாய்ச் சிதறிக் கிடந்த கூட்டத்துக்கு, கோயிலும் மடமும் தர முடியாத பொதுவிடத்தை மொழி தந்தது. அவ்விடத்தைக் கண்டறிந்தது பகுத்தறிவின் வேலையே.

ஆனால் குறை ஒன்றுண்டு. திருநாள், வந்தவரிடம் விலை எதுவும் கேட்கவில்லை. ஜாதியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்து கைதட்டினவர், திரும்பும்போது அதை மாட்டிக்கொண்டு போவதற்குத் தடையில்லை. சாரங்கபாணியார் தம்மளவில் அந்த விலையைக் கொடுத்தவர்; சீனப் பெண்மணியை மணந்து வாழ்ந்தவர். அவரைப் போற்றியவர்களிற் பலர் அவருடைய விழாவை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையை விட்டுவிட்டனர்.

அவர் 1974-ல் மறைந்தார். "தமிழ் முரசு" இன்றும் நாளேடாக வருகிறது. சிராங்கூன் ரோட்டில் பொங்கலுக்கு விளக்குகள் எரிகின்றன. தோழர்களே! படத்துக்கு மாலையிடுவது பகுத்தறிவாளருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேடையில் தமிழரெல்லாம் ஒன்றெனப் பேசிவிட்டு, வீட்டில் பெண் பார்க்கும்போது ஜாதி விசாரிப்பவர் தமிழவேளின் பத்திரிகையைப் படித்தவரேயாயினும், அவரைப் படித்தவர் ஆகார்.